பல்கலைக்கழக வாசலும் எமது மக்களும்

அண்மையில் நாம் வாழும் நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் தெற்காசியக் கற்கைகள் நிலையம் மாலை நேரப் பொதுக்கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. அனுமதி இலவசம், எவரும் வரலாம் என்று அறிவித்தல் கூறியது. 2009இல் போர் முடிந்த பின்னர் இலங்கையின் வடபகுதியில் தொடரும் காணிப் பிரச்சினையே அன்று பேசப்பட்ட பொருள். எண்பது பேர் அமரக்கூடிய மண்டபத்தில் முப்பது பேர் வரையில் இருந்தனர். இந்நகரில் ஆயிரக்கணக்கில் வாழும் எம்மவருள் அங்கு வந்திருந்தோர் ஐவர் மட்டுமே. கேள்வி நேரம் வந்ததும் எம்மவருள் ஒருவர் எழுந்தார். ஏழு நிமிடங்கள் பேசினார். அவர் கூறியவற்றில் பொய் ஏதும் இருக்கவில்லை; ஆனால் கேள்வியும் ஏதும் இருக்கவில்லை. தலைமை வகித்த பெண்மணி நன்றி கூறிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது முதிய ஆசிரியை ஒருவர் எம்மை அணுகினார். ஆரம்பப் பாடசாலையில் கற்பிப்பவர். தமது வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூவர் படிப்பதாகச் சொன்னார். வீட்டை வரையும்படி கூறினால் அவர்களுள் ஒரு பிள்ளை ஒவ்வொரு தடவையும் முற்றத்தில் ஒரு கிணற்றையும், கிளையே இல்லாத நெடிய மரம் ஒன்றையும் வரைகின்றதாம். அது என்ன மரம் என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் பெற்றோரது ஊரைப் பற்றி வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டக்கூடிய நூல் ஏதேனும் இந்நாட்டு மொழியில் உண்டா என்றும் கேட்டார். பனை என்று மரத்தின் பெயரைச் சொன்னோம். நூலின் பெயரைச் சொல்ல எம்மால் முடியவில்லை.

அந்த ஏழு நிமிடப் பேச்சையும் இந்தக் கேள்வியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகின்றோம். எமது குரலை உலகம் கேட்கவில்லை என்பது எமது நீண்டநாள் முறைப்பாடு. அது பெரும்பாலும் நியாயமானதே. ஆயினும் கேட்பதற்கென்றே சம்பளம் பெற்று ஒருவர் அமர்ந்திருக்கும் இடங்களும் சில உள்ளன. அங்கு நாம் செல்வதில்லை. சென்றாலும் கேட்கப்பட்டதற்கு விடை கூறுவதில்லை.

தெற்காசியக் கற்கைகள், ஆபிரிக்கக் கற்கைகள், மத்திய கிழக்குக் கற்கைகள் என்றவாறு உலகின் ஒவ்வொரு பகுதியையும் தனியே எடுத்து, அதன் மொழி, வரலாறு, அரசியல், சமயம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் ஆராயும் இந்நிலையங்கள் வெறும் அறிவுத் தாகத்தினால் பிறந்தவை அல்ல. பாரிஸில் கீழைத்தேய மொழிகளுக்கான பாடசாலையை 1795ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி அரசு நிறுவியபோது அரசியலும் வர்த்தகமுமே அதன் பயன்களாகக் கூறப்பட்டன. லண்டனில் 1916இல் நிறுவப்பட்ட கீழைத்தேயக் கல்லூரியின் பணிகளுள் ஒன்று, குடியேற்ற நாடுகளை ஆளச் செல்லும் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதாகும். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் பிறவுண் என்னும் சமஸ்கிருத அறிஞர் 1948இல் தெற்காசியப் பிராந்தியக் கற்கைத் துறையைத் தொடங்கினார். ஆனால் அந்நாட்டில் இத்தகைய நிலையங்கள் பெருகியது அறிஞர்களின் முயற்சியால் மட்டுமன்று. 1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் விண்கோளை ஏவியது. அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஆறாம் பிரிவின் கீழேயே மொழிகளுக்கும் பிராந்தியக் கற்கைகளுக்குமான நிலையங்கள் அரச நிதி பெற்றன. 'பாதுகாப்பு' என்ற சொல் சட்டத்தின் பெயரிலேயே இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இருப்பினும் அச்சட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு ஒன்று எமக்கு மிகவும் முக்கியமானது. அரச நிதி பெறும் நிலையம் தனது அறிவைத் தனது மாணவர்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாகாது. பாடசாலை ஆசிரியர்களுக்கும், பத்திரிகையாளருக்கும், வர்த்தகருக்கும், அயலில் வாழும் பொதுமக்களுக்கும் அதனைக் கொண்டு செல்ல வேண்டும் என்பது 1970களில் நிதிக்குரிய நிபந்தனையாக்கப்பட்டது. இதனையே விரிவாக்கப் பணி என்கின்றோம். ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்துதல், வகுப்பறைக்கு ஏற்ற பாடத் தொகுதிகளை ஆக்குதல், நூல்களையும் திரைப்படங்களையும் இரவல் கொடுத்தல், பொதுச் சொற்பொழிவுகளை ஒழுங்குசெய்தல் ஆகியன இப்பணியுள் அடங்கும். இதற்கென்றே தனி இணைப்பாளர் ஒருவரை நியமித்த நிலையங்கள் பல. விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில் 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் தெற்காசிய மாநாடு நடந்து வந்துள்ளது. தெற்காசியாவையோ, பிற நாடுகளில் வாழும் தெற்காசியரையோ பற்றிய சிறந்த சிறுவர் நூல்களுக்கு, விரிவாக்கப் பணியாளரின் கூட்டமைப்பொன்று 2012 முதல் விருதும் அளித்து வந்துள்ளது. அந்த முதிய ஆசிரியை கேட்ட கேள்விக்கு விடை தேடுவதே இவ்விருதின் நோக்கம் என்றால் அது மிகையன்று.

இந்நிலையங்களால் தமிழுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டொரு செய்திகளைச் சொல்லலாம். 1950களில் அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமையை விற்று அதன் விலையை ரூபாவாகப் பெற்றுக்கொண்டது. அந்த ரூபாவை வெளியே எடுத்துச் செல்ல இயலாது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்தியாவில் வெளியாகும் நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. இவ்வாறு பசித்தவர் உண்ட கோதுமையின் விலையாகத் தமிழ் நூல்களும் கடல் கடந்து சென்று அடுக்குகளில் அமர்ந்தன. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் 1993இல் மறையும் வரை கற்பித்த ஏ. கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியது அத்தகைய சூழலிலேயே.

அதே சிக்காகோப் பல்கலைக்கழகம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியையும், வின்ஸ்லோவின் அகராதியையும் கணினியில் ஏற்றி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி வைத்துள்ளது. வின்ஸ்லோ யார்? யாழ்ப்பாணத்தில் உடுவிலில் தங்கிப் பணியாற்றிய அமெரிக்க மிசன் பாதிரியார். யாழ்ப்பாணத்திலே தொடங்கிய அகராதிப் பணியின் பயனாக 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூல் 1862இல் சென்னையில் அச்சாகியது. உடுவிலில் தேடிய சொற்களை இன்று ஒஸ்லோவிலோ சூரிச்சிலோ வளரும் எமது பிள்ளை ஒரு நொடியில் பார்க்க முடிகின்றது.

இன்னொன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பழைய தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், நாடக அறிவித்தல்கள், அழைப்பிதழ்கள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமானார். அத்தொகுப்பு சிதறிப் போகும் நிலையில் இருந்தபோது 1994இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லவில்லை. சென்னையிலேயே நூலகமாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததைக் கண்ட எமக்கு, ஒரு தொகுப்பைச் சிதறாமல் காப்பது என்ன பொருள் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் படித்தவர்களுக்கு உரிய விடயங்கள்; தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் தவிக்கும் எமக்கு இவற்றால் ஆவது என்ன என்று வாசகர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. ஆனால் உண்மையில் இது முதலில் தொடுவது அவர்களையே. விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரி எமது கிராமத்தைக் கண்டவரல்லர். அவர் முன்னால் நாட்டு நிலைமை பற்றிய அறிக்கை ஒன்று இருக்கும். அவ்வறிக்கை எங்கோ யாரோ எழுதிய ஆய்வுகளையும் அறிக்கைகளையும் மேற்கோள் காட்டும். மேன்முறையீட்டு நீதிமன்றங்களிலே பல்கலைக்கழக அறிஞர்கள் நிபுணர் சாட்சிகளாக வருவதும் உண்டு. சோதனைச் சாவடி எந்தச் சந்தியில் இருந்தது, ஒரு கடிதத்தை இன்ன அலுவலகம் எந்த மொழியில் தரும், இன்ன ஊர்ப் பெயரை அங்குள்ளவர் எவ்வாறு உச்சரிப்பர் என்பன போன்ற சிறிய செய்திகளிலேயே ஒருவருடைய வாக்குமூலம் நம்பப்படுவதும் மறுக்கப்படுவதும் தங்கியுள்ளது. அந்தச் சிறிய செய்திகளை அறிஞர்கள் எங்கிருந்து பெறுவர்? எம்மிடமிருந்து பெறாவிட்டால் வேறு யாரிடமிருந்தோ பெறுவர். அல்லது பெறாமலே எழுதுவர்.

விசாரணை அதிகாரியும் ஒரு காலத்தில் பாடசாலை மாணவராக இருந்தவரே. அயல்வீட்டுக்காரரும், வீடு வாடகைக்கு விடுபவரும், வேலை தருபவரும் அவ்வாறே. எமது நாட்டைப் பற்றி அவர்கள் பத்து வயதில் எதனை அறிந்தார்களோ அதுவே பெரும்பாலும் ஐம்பது வயதிலும் அவர்களிடம் எஞ்சியிருக்கும். ஆகவே ஆசிரியர்களுக்கான ஒரு சனிக்கிழமைப் பயிலரங்கு சிறு விடயமன்று. அங்கு வரும் இருபது ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் சில நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர்கள்.

எமது மக்கள் விலகி நிற்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆய்வாளர் வருகின்றார், பேட்டி எடுக்கின்றார், பட்டம் பெறுகின்றார். பேட்டி கொடுத்தவர் அதே அகதி முகாமில் அதே கட்டிலில் கிடக்கின்றார் என்று பலர் மனம் கசந்து கூறியதை நாம் கேட்டுள்ளோம். அந்தக் கசப்பு உண்மையானது. பேரரசுகளும் பனிப்போரும் பெற்றெடுத்த நிறுவனங்கள் எம்மைப் படிப்பது எமக்காக அல்ல என்ற ஐயமும் அடிப்படையற்றதன்று. ஆனால் ஐயம் கொண்டு வெளியே நின்றதனால் ஆய்வு நின்றுவிடவில்லை. நாம் இல்லாமலே அது நடந்தது. அரசு தனது தேவைக்காகக் கட்டிய வீட்டில், பொதுமக்களுக்கு ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று அதே அரசின் நிபந்தனை கூறியது. அந்த வாசலால் உள்ளே போகும் உரிமை எமக்கும் உண்டு.

உள்ளே போகும்போது நாம் ஏற்க வேண்டிய ஒன்றும் உண்டு. பல்கலைக்கழகம் எமது மேடையன்று. அங்கு நாம் விரும்பாதனவும் பேசப்படும். எமது சமூகத்தின் சாதிக் கொடுமை பேசப்படும். 1990 ஒக்டோபரில் வடபகுதியிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை பேசப்படும். பெண்கள் தம் வீட்டுக்குள் பட்டவை பேசப்படும். இவற்றைக் கேட்டவுடன் எழுந்து மறுத்துரைப்பதும், பேச்சாளரை எதிரியின் ஆள் என்று தூற்றுவதும் எம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அதனால் நேர்வது யாது? எமக்கு இழைக்கப்பட்டதை நாம் சொல்லும்போதும் அது பிரசாரமாகவே எடைபோடப்படுகின்றது. தன் குறையையும் சேர்த்துச் சொல்பவனது சாட்சியத்தையே எந்த நீதிமன்றமும் நம்பும். பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும்.

தமிழ் இருக்கைகளுக்காக எமது மக்கள் வாரி வழங்கியதை நாம் பெருமையுடன் நினைக்கின்றோம். பேர்க்லியில் 1990களிலே தமிழரின் நன்கொடையால் இருக்கை அமைந்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் அமெரிக்க டொலர் 2018இல் திரட்டி முடிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசும் 10 கோடி ரூபா வழங்கியது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் இருக்கை அமைக்க 30 இலட்சம் கனேடிய டொலர் 2021இல் சேர்ந்தது. துப்புரவுப் பணி செய்து உழைத்த பணமும், உணவகச் சமையலறையில் நின்று உழைத்த பணமும் இத்தகைய நிதிகளில் உண்டு. இது சிறிய செயலன்று. ஆனால் இருக்கை என்பது மேல்மாடி. அதற்கு ஏறும் படியில் ஒரு பாடசாலை ஆசிரியை நின்று மரத்தின் பெயர் கேட்கின்றார். மேல்மாடிக்குத் தந்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அந்தப் படிக்கும் தர வேண்டும் என்பதே எமது கருத்து. மொழியின் தொன்மையை நிலைநாட்டினால் போதும், மக்கள் தாமாகவே மதிக்கப்படுவர் என்று எண்ணுவது தவறு. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடையவர்கள் என்பதற்காக எவரும் எமக்கு வதிவிட அனுமதி தந்ததில்லை.

இதனை இப்போது வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாசல் என்றும் திறந்தே இருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஆறாம் பிரிவின் கீழ் பிராந்திய நிலையங்களுக்கும், அங்கு மொழி பயிலும் மாணவர்களின் உதவித்தொகைக்கும் உரிய அவ்வாண்டின் தொடர் நிதியை வழங்க மறுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்த ஏற்பாடு ஒரு கடிதத்தில் தடைப்பட்டது. இவ்வாறு பணம் குறையும்போது எந்த நிலையத்திலும் முதலில் வெட்டப்படக் கூடியவை விரிவாக்கப் பணியும், மாணவர் குறைந்த மொழி வகுப்புகளுமே. தமிழ் வகுப்பு அத்தகையது. அவ்வேளையில் நிர்வாகம் கேட்கும் கேள்வி ஒன்றே: இதனை யார் பயன்படுத்துகின்றனர்? கூட்டத்துக்கு வந்தோர் கணக்கும், இரவல் பெற்ற நூல்களின் கணக்குமே விடையாக எடுத்துக் காட்டப்படும். வெறும் கதிரைகள் எமக்காக வாதாட மாட்டா.

ஆகவே எமது மக்கள் செய்யக்கூடியன சில உள்ளன. அவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

முதலாவதாக, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் தெற்காசியாவுக்கான நிலையம் உண்டா, விரிவாக்கப் பணிக்குப் பொறுப்பானவர் யார் என்று ஒவ்வொரு நகரிலும் உள்ள வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் விசாரித்தறிய வேண்டும். தமிழ்ப் பாடசாலை ஆசிரியரும் அந்நாட்டுப் பாடசாலை ஆசிரியரும் ஆண்டில் ஒருமுறையேனும் ஒரே மேசையில் அமர்ந்தால் எமது பிள்ளைகளின் பாதிச் சங்கடங்கள் தீரும்.

இரண்டாவதாக, பொதுக்கூட்டங்களுக்கு இளையோரை அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு கேள்வியை ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டு அமரும் பழக்கத்தை அவர்கள் எம்மைக் காட்டிலும் நன்கு அறிவர்.

மூன்றாவதாக, பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்த கடிதங்கள், பாடசாலைச் சான்றிதழ்கள், இடம்பெயர்வு அட்டைகள், 1980களிலும் 1990களிலும் ஐரோப்பிய நகரங்களில் கையெழுத்திலும் ஒளிப்பிரதியிலும் வெளிவந்த சிறு சஞ்சிகைகள், விளையாட்டுக் கழக மலர்கள் யாவும் ஆவணங்களே. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவில் காத்து வருவதை வாசகர் அறிவர். பல்கலைக்கழக நூலகங்களும் இவற்றை ஏற்கும். வீடு மாறும்போது குப்பைப் பெட்டிக்குள் போவது எமது வரலாறு என்பதை மறவாதிருப்போம்.

நான்காவதாக, எம்முள் எழுதத் தெரிந்தவர்கள் இந்நாடுகளின் மொழிகளில் சிறுவர்க்கான நூல்களை எழுத வேண்டும். வீரக் கதைகள் வேண்டியதில்லை. அம்மம்மா கிணற்றடியில் தண்ணீர் அள்ளியதையும், பனம்பழம் விழுந்த சத்தம் கேட்டு விடியப்புறம் பிள்ளைகள் ஓடியதையும் எழுதினால் போதும்.

வழக்கு முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபத்தில் யார் இருப்பர், யார் எங்கு சொல்வர் என்ற அச்சம் உங்களுக்கு உண்டு. அது வீண் அச்சமென்று கூற நாம் துணியோம். பொதுக்கூட்டத்தில் பெயர் கூறவோ வாய் திறக்கவோ வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கும் பத்திரங்களை இத்தனை ஆண்டுகள் வரை எவரும் பார்க்கலாகாது என்று நிபந்தனை விதித்துக் கொடுக்கவும் முடியும். விசாரணைக்கு வேண்டிய எதனையும் உங்கள் சட்டத்தரணியைக் கேளாமல் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். ஊரையும் உறவையும் பற்றி இன்று உங்கள் நினைவில் உள்ளதைத் தேதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நினைவு முதலில் இழப்பது ஒழுங்கைகளின் பெயர்களையே.

அந்த முதிய ஆசிரியை தமது முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார். பொருத்தமான நூலொன்றைத் தேடி அறிவிப்பதாக நாம் வாக்களித்தோம். நான்கு நண்பர்களிடம் விசாரித்தோம். சங்க இலக்கிய மொழிபெயர்ப்புகள் உள்ளன, போர் பற்றிய அறிக்கைகள் உள்ளன என்றனர். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத்தக்கதாக அவர்கள் எதனையும் கூறவில்லை. அத்துண்டுக் காகிதம் எமது மேசையில் இருக்கின்றது. நூலின் பெயர் தெரிந்த வாசகர்கள் எமக்கு எழுதுவார்களாக. அப்படி ஒன்று இல்லையெனில், அதனை எழுத முன்வருபவர்கள் எழுதுவார்களாக.